உப்பளத்தில் ஒரு கடற்பல்லியின் முள்ளெலும்பு

"மேற்படி எலும்பு மரக்காணம் உப்பளத்தின் சேற்றிலிருந்து என்னால் எடுக்கப்பட்டது. ஆகவே, தகுந்தவர்கள் வந்து பார்க்கும்வரை அந்த இடம் கலைக்கப்படாமல் இருப்பது நல்லது என்பது என் தாழ்மையான கருத்து."

இது கடந்த ஆண்டு செப்டெம்பர் 11ஆம் திகதி யாழ்ப்பாணத்திலிருந்து சென்னையிலுள்ள ஓர் அரசு அலுவலகத்துக்கு நான் பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதத்தின் மூன்றாம் பத்தி. முப்பத்தொரு ஆண்டுகள் தபாலதிபராக இருந்தவன் நான். அலுவலகங்களுக்குப் போகும் கடிதங்களின் கதி எனக்குத் தெரியும். எவரும் படிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் அவ்வளவு துணிவாக எழுதினேன்.

எலும்பு கிடைத்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். தங்கை மகள் வதனியைப் புதுச்சேரிக்குப் பக்கத்தில் பொம்மையார்பாளையத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். போன ஆண்டு அவளைப் பார்க்க வந்தபோது, ஆகஸ்ட் 19ஆம் திகதி, உப்பளம் பார்க்கும் ஆசையில் மரக்காணத்தில் இறங்கினேன். வரப்பில் ஓர் உப்புக் குவியலின் அடியில், பாதி சேற்றில் புதைந்து அது கிடந்தது. தேங்காய்மூடி அகலம், ஒன்றரைக் கிலோ எடை. ஒரு முகம் குழி, மறு முகம் குமிழ். உடும்பின் முள்ளெலும்பு இதே அமைப்பில் இருக்கும். ஆனால் இவ்வளவு பெரிய முள்ளெலும்பு உள்ள உடும்பு ஊரையே விழுங்கியிருக்கும். அதை விமான நிலையச் சோதனையில் காட்டத் துணிவில்லாமல் வதனி வீட்டில் விட்டுவிட்டு, படங்களோடும் அளவுகளோடும் ஊர் திரும்பினேன். மூன்று வாரம் படித்த பிறகு முடிவுக்கு வந்தேன்: மொசசோரஸ். கிரெட்டேசியக் காலத்துக் கடலில் வாழ்ந்த, உடும்புக்கு உறவான, ஒரு பேருந்தை விட நீளமான ஊர்வன. சுமார் ஆறு கோடியே அறுபது லட்சம் ஆண்டுகளுக்கு முன் அழிந்தது.

இந்த ஆண்டு வதனியின் குழந்தைக்கு முப்பத்தொன்றாம் நாள் சடங்கு என்று மறுபடி வந்தேன். துடக்குக் கழிவு முடிந்ததும் மிச்சமிருந்த ஒரு வாரத்தை மரக்காணத்துக்கென்று ஒதுக்கினேன்.

மே 12, திங்கள். பேருந்தில் ஏறும்போதே நடத்துனரிடம் இரண்டு தடவை சொன்னேன், மரக்காணம் வந்தால் சொல்லுங்கள் என்று. தலையாட்டினார். மரக்காணம் தாண்டி மூன்று கிலோமீட்டர் போன பிறகு அவரே என்னிடம் வந்தார். "ஏம்பா, நீ மரக்காணம் கேட்டியே, எறங்கலியா?"

"நீங்கள் சொல்லுவியள் எண்டு இருந்தனான்."

என் பேச்சைக் கேட்டதும் அவர் முகம் கனிந்தது. "கேம்புக்குப் போகணுமா? அது இந்தப் பக்கம் இல்லியே சார். பாண்டி போற வழியில அப்பவே தாண்டியாச்சே" என்றார். கீழ்ப்புத்துப்பட்டு அகதி முகாமைச் சொல்கிறார். நான் முகாமிலிருந்து வரவுமில்லை, முகாமுக்குப் போகவுமில்லை என்று அவருக்கு விளக்குவதற்குள் இன்னும் ஒரு கிலோமீட்டர் போய்விட்டது. நான்கு கிலோமீட்டரையும் உச்சி வெயிலில் நடந்தேன். எங்கள் ஊரில் நடத்துனர் சில்லறைதான் தரமாட்டார், இறக்க மறப்பதில்லை.

நிறுத்தத்தில் ஜமால் பாயின் கடையில் ஒதுங்கினேன். பதினைந்து ஆண்டு துபாயில் இருந்துவிட்டு வந்தவர். ஒரே கடையில் டீ, ஜெராக்ஸ், பஸ் பார்சல் புக்கிங் மூன்றும் நடத்துகிறார். இடியப்பம் கேட்டேன். கைக்குட்டை அகலத்தில், தும்பைப்பூ நிறத்தில், மேலே தேங்காய்ப்பூவும் சீனியும் தூவிக் கொடுத்தார். சிவப்பரிசி மாவில், சொதியும் சம்பலுமாகச் சாப்பிட்டுப் பழகிய நாக்குக்கு அது பிறந்தநாள் பண்டம் போலிருந்தது. உறைப்பாக ஏதாவது உண்டா என்றேன். சால்னா வந்தது, அதில் உப்பில்லை. உப்புக் கேட்டால், உப்புக் காய்ச்சும் ஊரில், வெளி மாநிலத்துப் பாக்கெட் உப்பை நீட்டுகிறார்.

"கேம்ப்பா சார்?"

"இல்லை. யாழ்ப்பாணம். உப்பளம் பார்க்க வந்தன்."

"அத வேற எங்கனா போய்ப் பாருங்க சார். இங்க ஒரு பக்கம் கயிறு கட்டி வெச்சிருக்காங்க. எவனோ வேலையத்தவன் டைனோசர் இருக்குதுன்னு லெட்டர் போட்டுட்டானாம். பதினெட்டு நாளா பன்னெண்டு பாத்தில கை வெக்கல. அந்தப் பாத்தி வாருற அஞ்சலை அக்கா இருக்குதே, டீ குடிக்குதோ இல்லியோ, அவன் குடும்பத்துக்குச் சாபம் வுடாம இந்தக் கடைய வுட்டுப் போறதில்ல."

டைனோசர் இல்லை, கடல் ஊர்வன என்று வாய்வரை வந்ததைத் தேநீரோடு விழுங்கினேன். மனதுக்குள் கணக்குப் போட்டேன். கயிறு கட்டியது ஏப்ரல் 24. என் கடிதம் ஏழு மாதமும் பதின்மூன்று நாளும் ஊர்ந்து வந்திருக்கிறது. வாழ்க்கையில் நான் எழுதிய நூற்றுக்கணக்கான கடிதங்களில் ஓர் அலுவலகம் எதையாவது செய்த ஒரே கடிதம் இதுதானா? அன்று உப்பளம் போகவில்லை. வெயில் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மே 13, செவ்வாய். மேஸ்திரி தணிகாசலத்தைப் பிடித்தேன். குத்தகைக்காரர் சென்னையில் இருக்கிறார். இங்கே எல்லாம் இவர்தான். நான் யாரென்று அவரிடம் மட்டும் மெதுவாகச் சொன்னேன். அவர் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றி வரப்போடு கொண்டுபோய், நீல நைலான் கயிற்றுக்கு முன்னால் இறக்கி, கொட்டகையில் உட்கார்ந்திருந்த நான்கு பெண்களைப் பார்த்துச் சத்தமாக அறிவித்தார்: "இந்தா, லெட்டர் போட்டவரே வந்துட்டாரு! சிலோன்ல இருந்து! எதுவா இருந்தாலும் இவராண்டயே கேட்டுக்குங்க!"

இப்படி ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை.

அஞ்சலை எழுந்து வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, கால்கள் முழங்கால்வரை வெண்மை பூத்துப்போயிருந்தன.

"இந்தாளா? யோவ், உங்க ஊர்ல கடலே இல்லியா?"

"கடல் தாண்டி வந்து நம்ம வயித்துல அடிச்சிருக்காரு பாரு" என்றார் பக்கத்தில் நின்ற மேரி.

பாத்திகளில் உப்பு விளைந்து தடித்துக் கிடந்தது. வரப்பில் போன மாதம் குவித்த உப்பு, தார்ப்பாய்க்கு அடியில். கயிற்றுக்குள் இருப்பதால் எதையும் தொடக்கூடாது. உப்பு லாரியில் ஏறினால்தான் அவர்களுக்குக் கூலி. கோடை மழை ஒன்று அடித்தால் பாத்தியில் இருப்பது ஒரே நாளில் தண்ணீர். மேற்கே இரண்டு நாளாக மேகம் கட்டுகிறது என்று அஞ்சலை கையை நீட்டிக் காட்டினார்.

நான் விளக்க முயன்றேன். ஆறு கோடியே அறுபது லட்சம் ஆண்டு பழமை, கடற்பல்லி, இந்தப் பக்கத்தில் இப்படி எலும்பு கிடைப்பது எவ்வளவு அரிது என்றெல்லாம்.

"அவ்ளோ காலம் சும்மாதான கெடந்துச்சு? இன்னும் பத்து நாள் கெடக்காதா? நாங்க உப்ப வாரிக்கிறோம், அப்பறம் நீ வந்து உக்காந்து தோண்டு."

 நான் கைப்பேசியை எடுத்துப் படத்தைக் காட்டினேன். பக்கத்தில் அடிக்கோல் வைத்து, நான்கு கோணங்களில் எடுத்த படங்கள். அஞ்சலை வெடித்த விரலால் படத்தைப் பெரிதாக்கினார். 

"ஏய் மேரி, இங்க வாயேன். இது நம்ம தெக்கு மூலக் கல்லுடீ!"

"அட ஆமாக்கா! குழிக்கல்லு!"

"இது கல் இல்லை அம்மா, எலும்பு" என்றேன்.

"எலும்போ கல்லோ, எங்களுது. இந்தா பாரு செவப்பு."

விளிம்பில் விரலகலத்துக்கு ஒரு சிவப்புக் கறை. அதைப் பற்றி என் கடிதத்தின் இரண்டாம் பத்தியில் நான்கு வரி எழுதியிருந்தேன். இரும்பு ஆக்சைடு, பல கோடி ஆண்டுகளில் கசிந்து படிந்திருக்கலாம்.

"இன்னா ஆக்சைடு? நான்தான் வெச்சேன். எங்க வூட்டு கேட்டுக்கு அடிச்ச பெயிண்டு."

என்னைக் கையைப் பிடித்துக் கயிற்றோரமாக இழுத்துப் போனார். அப்போதுதான் பார்த்தேன். தார்ப்பாயின் விளிம்பு நெடுகக் கற்கள். கருங்கல் துண்டு, உடைந்த ஆட்டுக்கல்லின் பாதி, மைல்கல்லின் மூலை. ஒவ்வொன்றிலும் விரலகலச் சிவப்பு. அடுத்த குவியலின் கற்களில் நீலம். அதற்கடுத்ததில் மஞ்சள்.

"இங்க கல்லு ஏது சார்? எவ்ளோ தோண்டுனாலும் சேறுதான். செங்கல்லு வெச்சா உப்பு அரிச்சு ஒரு வருசத்துல மாவாப் பூடும். ஒவ்வொரு கல்லும் எங்கனா இருந்து நாங்க தூக்கினு வந்தது. அடையாளம் வெக்கலன்னா அடுத்த குரூப்பு தூக்கிடுவா. போன வருசம் காத்துல அந்த மூலை பிரிஞ்சு கல்லு உருண்டுச்சு. காலைல வந்து பாத்தா காணோம். நீலக் கல்லுக்காரி கஸ்தூரிதான் எடுத்துட்டான்னு நான் அவகிட்ட தீவாளி வரைக்கும் பேசல, தெரியுமா?"

"நீயே போயி கஸ்தூரி அக்காகிட்ட சொல்லு, நாந்தான் திருடன்னு" என்றார் மேரி. நால்வரும் சிரித்தார்கள். சிரிப்பில் கோபம் குறைந்ததாகத் தெரியவில்லை.

என்னை நான் எப்படி மன்னிப்பது? யாழ்ப்பாணத்தில் அலவாங்கு என்கிற கடப்பாரையை எங்கே போட்டாலும் இரண்டடியில் பாறை இடிக்கும். கிணறு வெட்டினால் கல், வேலிக்குக் கல், தோட்டத்தில் பொறுக்கிக் குவித்துத் தீராத கல். கல்லுக்கு ஒரு சொந்தக்காரி இருக்க முடியும் என்று எனக்கு எப்படித் தோன்றும்? ஆகஸ்ட் 19ஆம் திகதிக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். காற்றின் திசை உண்டு, குவியல்களின் எண்ணிக்கை உண்டு, ஒரு கொக்கு நின்ற இடம்கூட உண்டு. தார்ப்பாயின் மேல் கல் இருந்தது என்று ஒரு சொல் இல்லை.

அந்த எலும்பு மரக்காணத்துச் சேற்றில் தோன்றியதல்ல. கிரெட்டேசியக் காலத்துப் பாறை இங்கிருந்து தென்மேற்கே, வழுதாவூர்ப் பக்கத்தில்தான் வெளித்தெரிகிறது என்பது எனக்கு முன்பே தெரியும். உப்பளத்தில் ஆழக் கிணறு தோண்டியபோது எலும்பு மேலே வந்திருக்கலாம் என்று அந்த இடைவெளியை நானே இட்டு நிரப்பியிருந்தேன். மூன்றாம் பத்தி பொய். கயிறு அவிழ வேண்டும்.

மே 14, புதன். அலுவலகத்துக்கு ஆறு தடவை தொலைபேசி. ஆறாவது தடவை ஒருவர் எடுத்தார். "உங்க லெட்டர தகவலுக்காக கீழ அனுப்பியாச்சே சார்."

"வேலையை நிறுத்தச் சொன்னீர்களா?"

"நாங்க யாரையும் நிறுத்தச் சொல்லலியே."

மேஸ்திரியிடம் ஓடினேன். பிளாஸ்டிக் உறையிலிருந்து காகிதத்தை எடுத்தார். என் கடிதத்தின் நகல், மேலே ஒரு வரி: தகவலுக்காக அனுப்பப்படுகிறது. அவ்வளவுதான். தடையுமில்லை, ஆணையுமில்லை.

"இதில் நிறுத்தச் சொல்லி எங்கே இருக்கிறது?"

"தகவலுக்குன்னு அனுப்புனா இன்னா சார் அர்த்தம்? பின்னாடி வேற ஏதோ வருதுன்னு அர்த்தம். அது வர்றதுக்குள்ள நாம கை வெச்சுட்டோம்னா? ஓனர் பயப்படறாரு. பேப்பர் வந்து கட்டுன கயிறு, இன்னொரு பேப்பர் இல்லாம அவுக்க முடியாதுன்னுட்டாரு."

"நான் எழுதித் தருகிறேன்."

"எழுதிக் குடுங்க. அழகா எழுதிக் குடுங்க."

அன்று திரும்பும்போது பேருந்தில் இடமில்லை. கடலூருக்குத் திரும்பும் பலாப்பழ வண்டியில் முன்னால் உட்கார்ந்து போனேன். ஓட்டுநர் முகாமைப் பற்றி விசாரித்தார். எல்லாரும் நலம் என்று சொல்லிவிட்டேன்.

மே 15, வியாழன். விலக்கல் கடிதத்தைச் சுத்தமாக எழுதிக் கொண்டுபோனேன். எலும்பு வேறிடத்திலிருந்து தொழிலாளர்களால் தார்ப்பாய்ப் பாரத்துக்காகக் கொண்டுவரப்பட்டது, மூன்றாம் பத்தியை மீளப் பெறுகிறேன், திகதி, கையொப்பம். தணிகாசலம் ஜமால் பாய் கடையில் உட்கார்ந்து அதை முன்னும் பின்னும் திருப்பினார். அஞ்சலையும் மேரியும் வாசலில் நின்றார்கள். மேற்கே மேகம் இன்று கறுப்பாகவே இருந்தது.

"சீல் எங்க சார்?"

"ஓய்வு பெற்றவனுக்கு முத்திரை எங்கே இருக்கும்?"

"சீல் இல்லாத பேப்பர ஓனருக்கு வாட்சப்ல அனுப்புனா என்னத்தான் திட்டுவாரு. ஏதோ ஒரு சீல் இருக்கட்டும் சார்."

"நம்ம சீலு இருக்குதே" என்றார் ஜமால் பாய். பார்சல் கவுண்டரிலிருந்து அதை எடுத்து வந்தார். 'ஜமால் பார்சல் சர்வீஸ், மரக்காணம்'. நடுவில் திகதிச் சக்கரம். தணிகாசலத்தின் முகம் தெளிந்தது. நான் பழக்கத்தில் முத்திரையை வாங்கித் திகதியைப் பார்த்தேன். நாளும் மாதமும் சரி. ஆண்டு நான்கு ஆண்டு பின்னால் நின்றது. சக்கரத்தைத் திருப்பினேன். திரும்பவில்லை.

"அதுல வருசம் அதோட முடிஞ்சுது சார். அதுக்கு மேல நம்பரே இல்ல. பார்சல்காரன் எவன் தேதி பாக்கறான்?"

முப்பத்தொரு ஆண்டில் ஒரு பொய்த் திகதி என் கையால் விழுந்ததில்லை. அப்படிக் குத்திய ஓர் உதவியாளரை இடமாற்றம் செய்யச் சொல்லி எழுதியவன் நான். இதைக் குத்தினால், நான் ஒரு கோரிக்கையை எழுதுவதற்கு மூன்று ஆண்டும் நான்கு மாதமும் முன்பே அதை மீளப் பெற்றவனாவேன். புதிய முத்திரை எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். பாண்டியில் செய்வார்கள், நாளை மாலை ஆகும். ஆண்டை மறைத்துவிட்டுக் குத்தலாமா என்றேன். பாதி சீல் செல்லாது என்றார் தணிகாசலம். உங்களுக்குத் திகதி என்றால் விளையாட்டா என்று கத்தினேன். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அஞ்சலை வாசலிலிருந்து கேட்டார். சத்தம் போடவில்லை. "தேதி சரியா இருந்தா மழை நிக்குமா சார்?"

மையட்டையில் ஒற்றி, நானே குத்தினேன். நேராக விழுந்தது. அது எங்கள் தொழில், கை மறக்கவில்லை. தணிகாசலம் அதைப் படம் எடுத்து அனுப்பினார். பத்து நிமிடத்தில் குத்தகைக்காரரிடமிருந்து கட்டைவிரல் வந்தது. அந்தத் திகதியை இன்றுவரை இருவரும் பார்க்கவில்லை.

நண்பகலுக்குள் கயிறு அவிழ்ந்தது. அஞ்சலை மற்ற குழுக்களையும் கூப்பிட்டிருந்தார். கஸ்தூரியும் ஆட்களோடு வந்தார். என்னைப் பார்த்து, "திருடனாண்ட ஜாக்கிரதையா இருங்கடீ, கல்லு எண்ணிக்கோங்க" என்றுவிட்டுப் பாத்தியில் இறங்கினார். பலகையால் வாரி, வரப்பில் ஏற்றி, கூடையில் அள்ளி, தலையில் சுமந்து, குவியலில் கொட்டினார்கள். நான் தண்ணீர்க்குடம் தூக்கினேன். இரண்டாவது குடத்தை வழுக்கி உடைத்தேன்.

மே 16, வெள்ளி. எலும்பைத் துவாயில் சுற்றி எடுத்துப்போனேன். வதனி வீட்டில் அது இத்தனை மாதமும் சமையலறைக் கதவு அடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தது. அஞ்சலையிடம் கொடுத்து, கெஞ்சி, திரும்ப வாங்கி, எங்காவது ஓர் அருங்காட்சியகத்தில் சேர்ப்பது என் திட்டம்.

"எடைக்கு எடை ஒரு நல்ல கல்லக் குடு, எடுத்துக்க" என்றார், கூடையை இறக்காமலே. நியாயம்தான். நான் கல் கொண்டுவரவில்லை. மரக்காணம் முழுக்கத் தேடியும் கிடைக்காது என்பதை அதற்குள் நான் கற்றிருந்தேன்.

மூன்று மணிக்குக் கடைசிப் பாத்தி முடிந்தது. நாலரைக்குக் காற்று எழுந்தது. அப்படி ஒரு காற்று. பெரிதாகிவிட்ட குவியலுக்குத் தார்ப்பாய் இரண்டை ஒன்றாகத் தைத்துப் போட்டிருந்தார்கள். தெற்கு மூலை எழும்பிப் படபடவென்று அடித்தது. மேரி அதன்மேல் படுத்தேவிட்டார். முதல் துளிகள் முதுகில் அறைந்தன.

"சார்! கல்லு! கல்லக் குடு!"

துவாயைப் பிரித்தேன். எனக்கு அது என்னவென்று தெரியும். இந்த உலகத்தில் அந்த நேரத்தில் அது என்னவென்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதைத் தார்ப்பாயின் மூலையில், குமிழ் மேலே பார்க்க, சேற்றில் அழுத்தி வைத்தேன். நின்றது. ஒரு மணிநேரம் கொட்டித் தீர்த்த மழையில் அந்த மூலை அசையவில்லை. பாத்திகளெல்லாம் வெறும் தண்ணீர். குவியல் முழுசாக இருந்தது. கொட்டகையில் ஒண்டி நின்றபோது அஞ்சலை எனக்கு ஒரு வேர்க்கடலை உருண்டை கொடுத்தார். நன்றியெல்லாம் சொல்லவில்லை, சொல்ல வேண்டியவரும் அவரில்லை.

சனிக்கிழமை எனக்கு விமானம். வதனி ஒரு கருங்கல்லைக் கொடுத்து எலும்பை மாற்றி வாங்குவதாகச் சொன்னாள். இதை எழுதும்வரை போகவில்லை. சரியான திகதியிட்ட விலக்கல் கடிதத்தை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பதில் வரவில்லை.

மழைக்குள் நின்றபோது அஞ்சலையிடம் கேட்டேன், அந்தக் கல்லை எங்கே எடுத்தீர்கள் என்று. வழுதாவூருக்கு அந்தப் பக்கம் அக்கா மகளின் சடங்குக்குப் போனபோது, கிணறு வெட்டிப் போட்ட மண்ணில் கிடந்தது; வட்டமாக இருக்கிறதே என்று பஸ்ஸில் மடியில் வைத்து எடுத்து வந்தேன் என்றார். எந்த ஆண்டு என்றேன். அக்கா மகளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள் என்றார். "அது வேற கல்லுக்கா. இது ரோட்டுக்குக் கொட்டுன ஜல்லி லோடுல வந்தது, நான்தான் பொறுக்குனேன்" என்றார் மேரி. இருவரும் மழை விடும்வரை சண்டை போட்டார்கள். அந்தக் கிணற்றை நான் பார்க்கவில்லை. ஜல்லி எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஆளில்லை. ஒற்றை முள்ளெலும்பை வைத்து அது மொசசோரஸ்தான், அதன் உறவினங்களில் ஒன்றல்ல, என்று சொல்லவும் என்னால் முடியாது. அந்த எலும்பு எந்த மண்ணிலிருந்து வந்தது என்பது இன்றைய திகதிவரை உறுதி செய்யப்படவில்லை.